கவுன்சில் லோகோ மாறினால் ஊர் ஏன் கொதிக்கிறது?

கேள்வி: நான் நகராட்சி வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது ஆஸ்திரேலியாவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இந்த ஊர் கவுன்சில் அண்மையில் புதிய லோகோ ஒன்றை வெளியிட்டது. அன்றிலிருந்து ஒரே ரகளை. "என் பேத்தி இதைவிட நன்றாக வரைவாள்" என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். "வரிப்பணம் போச்சு" என்கிறார் காபிக் கடைக்காரர். எங்கள் காலத்தில் சொத்து வரியை உயர்த்தினால்தான் இப்படிக் கூட்டம் கூடும். ஒரு படத்துக்கு ஏன் இத்தனை கோபம்? உண்மையிலேயே படம் அவ்வளவு மோசமா? அதை வரைய ஏன் லட்சக்கணக்கில் பணம்?

– ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர், கும்பகோணம்

பதில்: ஐயா, சொத்து வரியையும் லோகோவையும் ஒரே தட்டில் வைத்துவிட்டீர்கள். தெரிந்து வைத்தீர்களோ தெரியாமல் வைத்தீர்களோ, விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. அந்தப் பாதியைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கேட்டிருப்பவை மூன்று கேள்விகள்: படம் மோசமா, கோபம் எதனால், செலவு எதற்கு? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. ஆஸ்திரேலியா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் பல கவுன்சில்களுக்குச் சின்னம் ஒன்றல்ல, இரண்டு. ஒன்று மரபுச் சின்னம். கேடயம், விலங்குகள், கிரீடம், லத்தீன் வாசகம் எல்லாம் கொண்டது, சட்டப்படி வழங்கப்பட்டது. மேயரின் ஆரத்திலும் பழைய கட்டடங்களின் முகப்பிலும் பார்த்திருப்பீர்கள். மெல்பர்ன் நகரத்தின் மரபுச் சின்னத்தில் ஆட்டுத் தோல், திமிங்கலம், காளை, கப்பல் என நான்கும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த ஊர் எதை நம்பிப் பிழைத்தது என்பதன் பட்டியல் அது. இன்னொன்று லோகோ, அதாவது அன்றாடப் புழக்கத்துக்கான அடையாளக் குறி. குப்பை வண்டி, பூங்காப் பலகை, நூலக அட்டை, வரி நோட்டீஸ் ஆகியவற்றில் இருப்பது இது.

பெரும்பாலும் மாறுவது இரண்டாவதுதான். ஆனால் முதலாவதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள் என்று ஊர் நம்பிவிடும். இதற்கு நல்ல உதாரணம் ஒரு பல்கலைக்கழகம். 2012-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் விளம்பரங்களுக்கும் இணையதளத்துக்கும் எளிய குறி ஒன்றைக் கொண்டுவந்தது. திறந்த புத்தகம் பொறித்த பழைய முத்திரை பட்டச் சான்றிதழ்களில் அப்படியே இருக்கும் என்று நிர்வாகம் சொன்னது. யார் காதிலும் விழவில்லை. பழைய முத்திரையையும் புதிய குறியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்த படம் எங்கும் பரவியது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். அந்த டிசம்பரிலேயே புதிய குறி திரும்பப் பெறப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் பலர் எதிர்த்தது நடக்கவே போகாத ஒன்றை!

ஆகவே, உங்கள் மகள் ஊரில் மாறியது மரபுச் சின்னமா லோகோவா என்பதை முதலில் விசாரியுங்கள். பாதி ரகளை அங்கேயே அடங்கினாலும் அடங்கும்.

இப்போது முதல் கேள்வி. "படம் மோசம், அதனால் கோபம்." எல்லோரும் சொல்வது இதுதான். கேட்கவும் நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சோதித்துப் பார்த்தால் நிற்காது. மூன்று சோதனைகள் சொல்கிறேன்.

முதல் சோதனை: வரைந்தவர் பெரிய கலைஞராக இருந்தால் கோபம் வராமல் இருக்க வேண்டும் அல்லவா? 1977-இல் நியூயார்க் மாநிலத்தின் சுற்றுலாப் பிரச்சாரத்துக்காக மில்டன் கிளேசர் என்ற வடிவமைப்பாளர் ஒரு குறி வரைந்தார். 'ஐ' என்ற ஆங்கில எழுத்து, சிவப்பு இதயம், 'என்', 'ஒய்' என்ற எழுத்துகள். டாக்சியில் போகும்போது கையில் கிடைத்த உறையின் மேல் கிறுக்கியது. கூலி வாங்கவில்லை. இன்று உலகத்தில் எந்த ஊர்ச் சந்தைக்குப் போனாலும் அதன் நகலோ நகலின் நகலோ ஒரு பனியனில் தொங்கும். அதே கிளேசர் 2016-இல் பக்கத்திலிருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்துக்கு ஒரு லோகோ செய்தார். அதனுடன் வந்த பிரச்சாரம் முழுவதையும் மக்கள் சில நாட்களில் கேலி செய்தே கவிழ்த்தார்கள். பிரச்சார வாசகத்தை அரசு கைவிட்டது. கை ஒன்றுதான்; வரவேற்பு இரண்டு.

இரண்டாம் சோதனை: மக்களுக்கு ஏற்கெனவே பிடித்த படத்தையே ஒட்டி வரைந்தால்? 2023 மார்ச்சில் நியூயார்க் நகரம் அதையும் செய்து பார்த்தது. 'நான்' என்பது 'நாம்' ஆயிற்று; இதயம் கொஞ்சம் பளபளத்தது; எழுத்து சுரங்க ரயில் பலகைகளின் சாயலுக்கு மாறியது. நோக்கம் நல்லதுதான்: கொரோனாவுக்குப் பிறகு நகரத்தார் ஒன்றுகூட வேண்டும். ஒன்றுகூடினார்கள், புதிய குறியைத் திட்டுவதற்கு. அரை நூற்றாண்டுப் பாசம் அதன் வாரிசுக்குத் துளியும் உதவவில்லை.

மூன்றாம் சோதனை உங்களுக்கு நெருக்கமான இடத்தில் நடந்தது. 2009 ஜூலையில் மெல்பர்ன் மாநகர கவுன்சில் புதிய லோகோவை அறிவித்தது. வைரக்கல்லைப் பட்டை தீட்டியதுபோல் பல முகங்கள் கொண்ட தடித்த 'எம்' எழுத்து. லேண்டர் என்ற நிறுவனத்தின் வேலை. செலவு ஏறக்குறைய 2,40,000 ஆஸ்திரேலிய டாலர். வசைக்குப் பஞ்சமில்லை. பணம் ஒரு குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், வடிவமைத்தது அந்த நிறுவனத்தின் சிட்னி அலுவலகம் என்பது. மெல்பர்னுக்கும் சிட்னிக்கும் உள்ள பழம்பகையை உங்கள் மாப்பிள்ளையிடம் கேளுங்கள், மாலைப் பொழுது போய்விடும். கவுன்சில் அசரவில்லை. லோகோ பத்தாண்டுக்கும் மேலாகப் புழக்கத்தில் நீடித்தது. சூழலுக்கேற்ப நிறமும் உள்கோலமும் மாறினாலும் வெளிவடிவம் மாறாமல் நிற்கும் நகர அடையாளத்துக்கு எடுத்துக்காட்டாக வடிவமைப்புத் துறையினர் அதைக் காட்டத் தொடங்கினார்கள். அந்த வெளிவடிவத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. மாறியது பார்த்தவர்களின் கண்.

ஆக, கோபத்தின் வேர் படத்தில் மட்டும் இல்லை. அப்படியானால் எங்கே? நான்கு இடங்களில்.

முதலாவது, பழக்கம். 1968-இல் ராபர்ட் ஜயோன்ஸ் என்ற உளவியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். அர்த்தமில்லாத சொற்கள், படிக்கத் தெரியாத எழுத்துகள், அறிமுகமில்லாத முகங்கள் ஆகியவற்றை மக்களுக்குக் காட்டினார். சிலவற்றை ஓரிரு முறை, சிலவற்றைப் பலமுறை. எதை அதிகம் பார்த்தார்களோ அதை அதிகம் விரும்பினார்கள். வேறு காரணமே இல்லை. இதை உளவியலில் 'வெறும் பரிச்சய விளைவு' என்பார்கள். அடிக்கடி கண்ணில் பட்டதாலேயே ஒன்று பிடித்துப்போவது என்று பொருள். 1977-இல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் சுவையானது. ஒருவரின் புகைப்படத்தையும், அதையே இடம் வலமாகத் திருப்பிய படத்தையும் காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். பெரும்பாலோர் தங்கள் படத்தில் திருப்பியதைத் தேர்ந்தார்கள். அவர்களின் நெருங்கியவர்களோ திருப்பாததைத் தேர்ந்தார்கள். ஏன்? நம்மை நாம் பார்ப்பது கண்ணாடியில். மற்றவர்கள் பார்ப்பது நேரில். அவரவர் கண்ணுக்குப் பழகியது அவரவருக்கு அழகு.

பழைய லோகோவை அந்த ஊர்க்காரர் பல ஆண்டுகளாகக் குப்பைத் தொட்டியில் பார்த்துக்கொண்டிருக்கிறார். புதியதைப் பார்த்து ஒரு நாள்தான் ஆகிறது. மீசையை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்த அப்பாவைப் பார்த்துக் குழந்தை வீறிடுகிறதே, அந்த அழுகைக்கும் அப்பாவின் அழகுக்கும் சம்பந்தம் உண்டா?

இரண்டாவது, உடைமை. இங்கேதான் உங்கள் சொத்து வரி வருகிறது. ஒரு பிஸ்கட் கம்பெனி லோகோவை மாற்றினால் பிடிக்காதவர் வேறு பிஸ்கட் வாங்கிக்கொள்ளலாம். கவுன்சிலை அப்படி மாற்ற முடியாது. வீட்டை விற்றுவிட்டுப் போனால்தான் உண்டு. வரி கட்டியாக வேண்டும். அந்தக் குறி பதித்த நோட்டீஸ் வீடு தேடி வந்தே தீரும். அதனால் அது கவுன்சிலின் லோகோ என்று யாரும் நினைப்பதில்லை, 'நம்ம ஊர்' லோகோ என்று நினைக்கிறார்கள். கையில் இருக்கும் பொருளுக்கு மனிதர்கள் தனி மதிப்பு வைப்பது நிரூபிக்கப்பட்ட செய்தி. 1990-இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூவர் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். பிறகு விற்கச் சொன்னார்கள். கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. சற்று முன்பு வரை அது அவர்களுடையதே அல்ல! இதற்கு 'உடைமை விளைவு' என்று பெயர். கிடைத்து நிமிடக்கணக்கு ஆன கோப்பைக்கே இந்தக் கதி என்றால், இருபது ஆண்டு லோகோவுக்கு என்ன விலை சொல்வார்கள்?

அதைவிட முக்கியமான ஒன்று. வரி உயர்ந்தாலும் லோகோ மாறினாலும் ஊர்க்காரர் மனத்தில் எழும் முதல் வாக்கியம் ஒன்றே: "என்னை யார் கேட்டார்கள்?" வரியைப் பற்றிக் கேட்க வாய்ப்பு அரிது. லோகோவில் அந்தக் கேள்வியைச் சத்தமாகக் கேட்டுவிடலாம்.

மூன்றாவது, எல்லோரும் நீதிபதி. நகராட்சிக் கூட்டங்களில் இதை நீங்கள் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் அலுவலக நடைமுறைகளைக் கிண்டல் செய்து எழுதிய புத்தகத்தில் ஒரு கமிட்டி வருகிறது. அணு உலை கட்டும் திட்டத்தை அது இரண்டரை நிமிடத்தில் நிறைவேற்றுகிறது. சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் விவாதிக்கிறது. அணு உலை யாருக்கும் புரியவில்லை, ஆகவே மௌனம். கொட்டகை எல்லோருக்கும் புரிகிறது, ஆகவே ஆளுக்கொரு கருத்து. மழைநீர் வடிகாலுக்கு எத்தனை அங்குலக் குழாய் போட வேண்டும் என்பதில் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கருத்து இருக்காது. நீலம் நன்றாக இருக்கிறதா பச்சை நன்றாக இருக்கிறதா என்றால் இருக்கும். கருத்துச் சொல்ல முடிகிற இடத்தில்தான் கோபமும் பட முடியும். பல நாள் சேர்த்துவைத்த மற்ற கோபங்களும், உடைந்த நடைபாதையும் எடுக்காத குப்பையும் உட்பட, இந்த வாசல் திறந்ததும் வெளியே வந்துவிடும்.

நான்காவது, வெளியிடும் விதம். புதிய லோகோவை மக்கள் முதலில் பார்ப்பது எங்கே? வெள்ளைப் பின்னணியில் தனியாக நிற்கும் ஒரு படமாக. பேருந்து நிறுத்தத்திலோ நூலக வாசலிலோ அல்ல. வீட்டில் யாரும் இல்லாமல் பொண்ணு மட்டும் தனியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் பார்க்கும் படலம் இது. குற்றம் கண்டுபிடிக்கவே வந்தவர்களுக்கு வசதி. படத்தின் பக்கத்தில் செய்தித்தாள் கட்டாயம் ஓர் எண்ணைப் போடும்: செலவு. அந்த நொடியில் வாசகர் படத்தைப் பார்ப்பதில்லை, விலைச்சீட்டு தொங்கும் படத்தைப் பார்க்கிறார். 2007-இல் லண்டன் ஒலிம்பிக் லோகோ வெளியானபோது நடந்தது இதுவே. வோல்ஃப் ஓலின்ஸ் நிறுவனம் செய்தது. விலை 4,00,000 பவுண்டு. பல்லாயிரம் பேர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அமைப்பாளர்கள் மாற்றவில்லை. 2012-இல் போட்டிகள் அதே லோகோவின் கீழ் நடந்தன.

இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். பிடித்தவர் "சரி" என்று நினைத்துக்கொண்டு காபியைக் குடித்துவிட்டுப் போவார். பிடிக்காதவர்தான் கடிதம் எழுதுவார். ரகளையின் சத்தம் எதிர்ப்பின் அளவைக் காட்டாது. எதிர்ப்பவர்களின் சுறுசுறுப்பைக் காட்டும்.

இனிச் செலவு. "ஒரு படத்துக்கு இவ்வளவா?" என்ற கேள்வியில் ஒரு தவறான கணக்கு ஒளிந்திருக்கிறது. பணம் படத்துக்கு மட்டும் தரப்படுவதில்லை. கவுன்சில்கள் லோகோ மாற்றுவதற்குச் சொல்லும் வழக்கமான காரணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூலகத்துக்கு ஒரு குறி, நீச்சல் குளத்துக்கு ஒரு குறி, முதியோர் சேவைக்கு ஒரு குறி என்று துறைக்கொன்றாக வருடக்கணக்கில் முளைத்துவிடும். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகர நிர்வாகத்தில் அப்படி டஜன்கணக்கில் சேர்ந்துபோய், 2003 வாக்கில் அவற்றை ஒதுக்கி, துறைகளை நகரத்தின் பழைய சின்னத்திலிருக்கும் மூன்று பெருக்கல் குறிகளின் கீழ் கொண்டுவந்தார்கள். மெல்பர்னும் இதே காரணத்தைத்தான் சொன்னது. இப்படி ஒருங்கிணைக்க முதலில் இருப்பதையெல்லாம் கணக்கெடுக்க வேண்டும். ஊழியர்களிடமும் மக்களிடமும் பேச வேண்டும். பல வரைவுகள் செய்து கழிக்க வேண்டும். வேறு எவருடைய குறியையும் ஒத்திருக்கவில்லை என்று சட்டப்படி சரிபார்க்க வேண்டும். பிறகு 'ஸ்டைல் கைடு' எழுத வேண்டும். எந்த நிறம், எந்த எழுத்துரு, சுற்றிலும் எவ்வளவு இடைவெளி, கறுப்பு வெள்ளையில் எப்படி என்றெல்லாம் விதிக்கும் கையேடு அது. படம் அந்தக் கையேட்டின் முதல் பக்கம் மட்டும்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. செய்தியில் வரும் தொகை பெரும்பாலும் இந்த வடிவமைப்புக் கூலிதான். உண்மையான பெரிய செலவு அதற்குப் பின்னால் வருகிறது: வண்டிகளுக்கு மறுபடி வண்ணம், பலகைகள், சீருடைகள், படிவங்கள். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கவனமான கவுன்சில், பழையது தேய்ந்து மாற்ற வேண்டிய நேரம் வரும்போது மட்டும் புதியதைப் போடும். அப்படிச் செய்தால் கூடுதல் செலவு மிகக் குறைவு. ஒரே மாதத்தில் ஊரெல்லாம் மாற்றினால், கோபப்பட வேண்டியது அதற்குத்தான். மெல்பர்ன் செலவழித்த தொகை, அந்த மாநகரின் ஓராண்டு மொத்தச் செலவோடு ஒப்பிட்டால் பல நூறில் ஒரு பங்குக்கும் கீழே.

"பேத்தி வரைவாள்" என்பதற்கும் ஒரு வார்த்தை. புதிய லோகோக்கள் எளிமையாக இருப்பது வரையத் தெரியாமல் அல்ல. அந்தக் குறி லாரியின் பக்கவாட்டில் ஆளுயரத்தில் நிற்க வேண்டும். கைபேசித் திரையில் நகக்கண் அளவில் நிற்க வேண்டும். சட்டைப் பையில் நூலால் தைக்கப்பட வேண்டும். ரப்பர் ஸ்டாம்பில் ஒற்றை நிறத்தில் பதிய வேண்டும். நார்வேயின் ஆஸ்லோ நகரச் சின்னத்தில் புனித ஹால்வார்ட் சிங்காசனத்தில் இருக்கிறார். ஒரு கையில் திரிகைக்கல், மறு கையில் அம்புகள், காலடியில் ஒரு பெண். பெரிதாகப் பார்த்தால் கதை, சிறிதாக்கினால் கரும்புள்ளி. 2019-இல் அந்த நகரம் புனிதரை விட்டுவிடாமல், கோடுகளை மட்டும் குறைத்து மறுபடி வரைந்தது. கோடுகளைக் கூட்டுவது சுலபம். ஐந்து கோட்டில் அடையாளம் தெரியவைப்பதுதான் கூலி வாங்கும் வேலை. பேத்தி நன்றாக வரையட்டும். அவள் வரைந்ததை ரப்பர் ஸ்டாம்பாக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்னதால், மக்கள் எப்போதும் தவறு, நிபுணர்கள் எப்போதும் சரி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊர் சரியாகவும் கவுன்சில் தவறாகவும் இருந்த தருணங்கள் உண்டு. அவற்றில் ஓர் ஒற்றுமை தெரியும்: குற்றச்சாட்டு ரசனையைப் பற்றியதாக இருக்காது, சரிபார்க்கக்கூடிய செய்தியைப் பற்றியதாக இருக்கும்.

ரோட் ஐலண்டையே பாருங்கள். பிரச்சாரத்தைக் கவிழ்த்தது லோகோ மட்டும் அல்ல. மாநிலத்தின் அழகைக் காட்ட வெளியிட்ட வீடியோவில் ஒரு காட்சி ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யாவிக் நகரத்திலுள்ள ஹார்ப்பா இசை அரங்கில் எடுத்தது என்று பார்த்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். லண்டனில் லோகோவுக்காகத் தயாரித்த அசையும் படத்தின் ஒரு பகுதி, ஒளி மின்னலால் வலிப்பு தூண்டப்படும் நோயாளிகளைப் பாதித்தது என்று புகார் வந்தது; அந்தப் பகுதியை நீக்கினார்கள். டோக்கியோ 2020 ஒலிம்பிக்குக்காக 2015 ஜூலையில் வெளியிட்ட சின்னம், பெல்ஜியத்தின் லியேஜ் நகர நாடக அரங்கின் லோகோவைப்போல் இருக்கிறது என்ற சர்ச்சையில் சிக்கி, அந்த செப்டம்பர் முதல் தேதியே கைவிடப்பட்டது. பொய்க் காட்சி, உடல்நலக் கேடு, நகல் என்ற சந்தேகம். இவற்றில் மக்களின் கண் கவுன்சிலின் கண்ணைவிடக் கூர்மை. ஆயிரம் பேர் பார்க்கும்போது ஒருவராவது லியேஜ் போய் வந்தவராக இருப்பார்.

"அப்படியானால் பொதுப்போட்டி வைத்து மக்களிடமே விட்டுவிடலாமே" என்று அடுத்து கேட்பீர்கள். டோக்கியோ இரண்டாவது முறை அதைத்தான் செய்தது. பொதுப்போட்டி அறிவித்ததில் 14,599 வடிவங்கள் வந்தன. நான்கை வடிகட்டி மக்கள் முன் வைத்துக் கருத்துக் கேட்டார்கள். 2016 ஏப்ரலில் அசாவோ டோகோலோ வரைந்த கருநீலக் கட்டச் சின்னம் தேர்வானது. அது நிலைத்தது. ஆனால் போட்டிக்கும் ஒரு விலை உண்டு. ஒருவர் ஜெயிக்க, மற்ற ஆயிரக்கணக்கானோர் கூலியில்லாமல் உழைத்தார்கள். இதைத்தான் வடிவமைப்பாளர் சங்கங்கள் பல கண்டிக்கின்றன. ஒலிம்பிக்குக்கு ஆயிரக்கணக்கானோர் வரைவார்கள். உங்கள் மகள் ஊர் கவுன்சிலுக்கு எத்தனை பேர் வரைவார்கள்?

இதைவிட நல்ல வழி போர்ச்சுகலின் போர்ட்டோ நகரத்தில் இருக்கிறது. 2014-இல் எடுவார்டோ அய்ரஸ் என்பவரின் ஸ்டூடியோ அந்த நகரத்துக்கு அடையாளம் செய்தது. ஊர்ப் பெயருக்குப் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி. கூடவே, அந்த ஊரின் சுவர்களில் பதித்திருக்கும் நீல ஓடுகளின் பாணியில் பாலம், டிராம், மணிக்கூண்டு என்று எழுபதுக்கும் மேற்பட்ட சிறு படங்கள். ஒன்றோடொன்று எப்படிச் சேர்த்தாலும் கோலம்போல் பொருந்தும். ஊர்க்காரர் ஒவ்வொருவரும் தன் போர்ட்டோவை அதில் எங்காவது கண்டுகொண்டார். அறிமுகம் இல்லாத ஒன்றைத் திணிக்காமல், கண்ணுக்கு ஏற்கெனவே பழகிய நீல ஓட்டை எடுத்து அடையாளமாக்கியது அதன் கெட்டிக்காரத்தனம். பழக்கமும் உடைமையும் முதல் நாளிலேயே கவுன்சிலின் பக்கம்.

ஆக, என் தீர்ப்பு இது. முதல் வாரத்து ரகளையை வைத்து ஒரு லோகோவின் தரத்தை அளக்க முடியாது. அந்த ரகளை அளப்பது வேறொன்றை: தங்களுடையது என்று மக்கள் நம்பிய ஒன்றைத் தங்களைக் கேட்காமல் மாற்றிய அதிர்ச்சியை. அதற்கு மருந்து இன்னொரு படம் அல்ல, முன்கூட்டியே கேட்பது. கவுன்சில் பழைய லோகோவின் குறை என்ன என்று முதலில் சொல்ல வேண்டும். புதியதைத் தனியே காட்டாமல் குப்பை வண்டியிலும் நூலக அட்டையிலும் வைத்துக் காட்ட வேண்டும். மரபுச் சின்னம் தொடர்கிறதா என்பதைத் தலைப்பிலேயே எழுத வேண்டும். மொத்தச் செலவையும் அதை எத்தனை ஆண்டில் செலவழிக்கப் போகிறோம் என்பதையும் மறைக்காமல் வெளியிட வேண்டும்.

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன், ஐயா. வருவாய்ப் பிரிவுக்காரருக்குப் பொருத்தமானது. பக்கத்து வீட்டுக்காரரும் காபிக் கடைக்காரரும் "அழகாக இல்லை" என்று எழுதினால் கவுன்சில் நன்றி சொல்லிக் கோப்பில் வைத்துவிடும். மூன்று கேள்விகளை எழுதச் சொல்லுங்கள். வடிவமைப்புக் கூலி தவிர்த்து மாற்றச் செலவு எவ்வளவு? இருப்பில் உள்ள பழைய படிவங்களையும் பலகைகளையும் தீரும்வரை பயன்படுத்துவீர்களா? இந்த ஒன்று வந்ததால் துறைக் குறிகள் எத்தனை ஒழிந்தன? தகவல் கேட்டுப் பெறும் சட்டம் ஆஸ்திரேலியாவிலும் கவுன்சில்களைக் கட்டுப்படுத்துகிறது. எண்ணிக்கையில் பதில் வந்தால் கோபப்படுவதா வேண்டாமா என்று அப்போது முடிவு செய்யலாம்.